கம்பெனி கரண்ட்

மாரித்தாயின் முதுகெலும்பு முறிந்தது ஒரு ஐப்பசி மழையில். ஆனைச்சோலை எஸ்டேட்டின் மேல் மலையில் கொழுந்து எடுத்து முடித்த பெண்களை, கொழுந்து மூட்டைகளின் மேலேயே உட்காரவைத்து டிராக்டர் பெட்டியில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். வளைவில் சேறு வழுக்கிப் பெட்டி சரிந்தது. மற்றவர்களுக்குக் கையிலும் முகத்திலும் அடி. பக்கத்து வீட்டு பிலோமிக்கு மணிக்கட்டு உடைந்தது. மாரித்தாய் மட்டும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே உருண்டுபோய் ஒரு பாறையில் முதுகு மோதிக் கிடந்தாள். வலியே இல்லாதது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. எழுந்து சேலையைச் சரிசெய்யப் பார்த்தபோதுதான் கால்கள் சொன்னபடி கேட்கவில்லை என்று தெரிந்தது.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. போடியிலிருந்து வீரபாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு மலையேறி வந்தவள். அவள் புருஷன் வீரபாண்டி, எஸ்டேட்டில் தேயிலைச் செடிக்கு மருந்தடிக்கும் ஆள். பிள்ளை இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்துவிட்டு, முதுகில் புண்ணோடு எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுக்கே திரும்பி வந்தாள். இடுப்புக்குக் கீழே இனி எதுவும் நடக்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

கொழுந்துப் பெட்டியில் ஆள் ஏறக் கூடாது என்பது சட்டம் என்று கம்பெனி சொன்னது. ஏறச் சொன்ன சூப்பர்வைசர், அவர்களாகத்தான் ஏறினார்கள் என்று சொன்னார். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

வீரபாண்டி அந்த நாட்களில் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். காலையில் பேர் கூப்பிடும் மஸ்டருக்குப் போகுமுன் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் இருந்த கக்கூசுக்குப் போவான். வென்னீர் வைத்துப் புண்ணைத் துடைத்துவிடுவான். "கோயில்ல சாமி தூக்குற மாதிரி தூக்குறானே" என்று லயத்துப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். மாரித்தாய்க்கு அந்தப் பேச்சு பிடிக்காது. சாமி தனக்கு மூத்திரம் வருகிறது என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

அவன் போன பிறகு சாயங்காலம் வரை அவள் கதவுக்கு நேராகக் கிடந்த கட்டிலில் கிடப்பாள். அங்கிருந்து பார்த்தால் எதிர்மலையும், அதன் மேல் போகும் பெரிய கரண்ட் கம்பிகளும் தெரியும். பள்ளிவாசல் பவர்ஹவுசில் தண்ணீரைத் தள்ளி எடுக்கிற கரண்ட் என்பார்கள். அது எங்கேயோ தூரத்து ஊர்களுக்குப் போயிற்று. எஸ்டேட்டில் ஃபேக்டரிக்கும் ஆபீசுக்கும் மேனேஜர் துரை பங்களாவுக்கும் மட்டும் கரண்ட் உண்டு. லயத்தில் சிம்னி விளக்குதான்.

லண்டனிலிருந்து கம்பெனிப் பெரியவர்கள் எஸ்டேட்டைப் பார்க்க வந்தபோது, அவர்களில் ஒருவரின் மனைவியும் கூட வந்திருந்தார். டிஸ்பென்சரியைப் பார்க்கப் போன அந்த அம்மாள், புண்ணுக்கு மருந்து கட்ட வந்திருந்த மாரித்தாயைப் பெஞ்சில் கண்டார். என்ன ஆயிற்று என்று விசாரித்தார். துரை ஏதோ சொன்னார். அந்த அம்மாள் மாரித்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். வெள்ளைக்காரி அழுவதைப் பார்ப்பது மாரித்தாய்க்கு அதுவே முதல் தடவை. தானும் அழ வேண்டுமோ என்று அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

அந்த அம்மாள் மறக்கவில்லை. மறுவருஷம் கொச்சித் துறைமுகத்தில் இறங்கி, லாரியேறி, ஒரு பெரிய மரப்பெட்டி எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தது. ஃபேக்டரி வாசலில் வைத்துப் பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே ஒரு நாற்காலி. நான்கு சக்கரம். இருக்கைக்கு அடியில் லாரி பேட்டரி மாதிரி இரண்டு பேட்டரி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மோட்டார். வலது கைப்பிடி முனையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குச்சி. அதை முன்னால் தள்ளினால் நாற்காலி முன்னால் போகும், இழுத்தால் பின்னால் வரும், சாய்த்த பக்கம் திரும்பும், விட்டால் நின்றுவிடும்.

ஃபேக்டரி எலக்ட்ரீசியன் சுடலைதான் அதோடு வந்த புத்தகத்தைப் படித்துப் பார்த்துப் பாகங்களைப் பூட்டினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றி, முதலில் தானே உட்கார்ந்து ஃபேக்டரி முற்றத்தைச் சுற்றி வந்தார். பிறகு வீரபாண்டி மாரித்தாயைத் தூக்கி உட்காரவைத்தான்.

"மெதுவா தள்ளு தங்கச்சி. அது ஒன் பேச்ச கேக்கும். பயப்படாத" என்றார் சுடலை.

அவள் விரலால் குச்சியைத் தொட்டாள். நாற்காலி உறுமிக்கொண்டு நகர்ந்தது. பயந்து விரலை எடுத்தாள், நின்றுவிட்டது. மறுபடி தள்ளினாள். அன்று வரை அவளை யாராவது தூக்கினால்தான் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம். இப்போது முற்றத்தின் மறுகோடியில் இருந்த பைப்படிக்குப் போக நினைத்தாள், போனாள். பைப்பைத் திறந்து கையை நனைத்தாள். மூடினாள். திரும்பி வந்தாள். கூட்டம் கைதட்டியது.

"எங்கடி போன?" என்று வீரபாண்டி சிரித்துக்கொண்டே கேட்டான்.

"சும்மா. கை கழுவப் போனேன்" என்றாள்.

அவர்கள் இருந்தது கீழ்வரிசை லயம், ரோட்டை ஒட்டி. அங்கிருந்து ஃபேக்டரி வரை ரோடு அதிகம் ஏறாமல் இறங்காமல் மலையைச் சுற்றிப் போகும். வீரபாண்டி வீட்டுப் படியில் மண்ணைக் கொட்டி, அடித்து இறுக்கிச் சரிவாக்கினான். ஒரு வாரம் அவள் அந்த ரோட்டில் மேலும் கீழுமாகப் போய்வந்து பழகினாள். பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் நேரே ஆபீசுக்குப் போய், ஜன்னலுக்குக் கீழே நாற்காலியை நிறுத்திக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"துரை, எனக்கு ஒக்காந்து செய்யிற வேலையா ஒண்ணு குடுங்க."

லண்டனுக்கு அனுப்ப ஒரு நல்ல செய்தி கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார் துரை. கோட்டயத்துக்காரர், தமிழ் சுமாராக வரும். பிரேக்கும் மோட்டாரும் இல்லாத சாதா நாற்காலிக்காரியாக இருந்திருந்தால் ஃபேக்டரி வரை வந்து கேட்டிருக்கவே முடியாது என்பது அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். காய்ந்த தேயிலையில் கிடக்கும் காம்பையும் நாரையும் பொறுக்கி எடுக்கும் அறையில் அவளுக்கு வேலை கொடுத்தார்.

அந்த ஒன்றரை வருஷம்தான் மாரித்தாய் மனுஷியாக இருந்த காலம். சங்கு ஊதுமுன் வீட்டிலிருந்து கிளம்புவாள். வழியில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கூடையோடு அவளுக்குப் பக்கத்தில் நடந்து வருவார்கள். அவர்களுடைய நடைக்கு ஏற்றபடி குச்சியைத் தட்டித் தட்டி விடுவாள். பொறுக்கும் அறையில் நாற்காலியை விட்டு மணையில் இறங்கி உட்கார்ந்ததும், சுடலை வந்து நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் பேட்டரிக்கு வயரை மாட்டிவிட்டுப் போவார். சாயங்காலம் வரை அது கரண்ட் குடித்துக்கொண்டிருக்கும். அவள் வேலையை முடிக்கும்போது அதுவும் வயிறு நிறைந்து நிற்கும். கூடப் பொறுக்கும் பெண்கள் ஒத்தாசை செய்ததால் மற்ற கஷ்டங்களும் ஒருவாறு ஓடின. பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். சனிக்கிழமை சம்பளக் காசில் வீரபாண்டிக்குக் கருவாடு வாங்கிக்கொண்டு தானே வீடு வந்து சேர்வாள். அவன் முதுகும் நிமிர்ந்தது. ராத்திரி சாப்பாட்டின்போது இருவரும் அவரவர் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அடிபட்டதற்குப் பிறகு அப்படிப் பேசிக்கொள்ள அவர்களுக்கு எதுவும் இருந்ததில்லை.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், அதுவரை வாயைக் கட்டிக்கொண்டிருந்த யூனியன்காரர்கள் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். அந்த மழைக்காலத்தில் டிராக்டர் பெட்டி இன்னொரு தடவை சரிந்தது. யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் பெண்கள் மறுநாள் மலையேற மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். கொழுந்து வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது, பெண்களுக்குத் தனி லாரி வேண்டும், போனஸ் கூட்ட வேண்டும் என்று சமரம் என்கிற வேலைநிறுத்தம் தொடங்கியது. யூனியன் தலைவர் சூசையப்பன். எஸ்டேட்டில் பிறந்து, மூணாறில் படித்து, ஆபீஸ் கிளார்க் வேலையை விட்டுவிட்டு யூனியனுக்கு வந்தவர். இங்கிலீஷ், மலையாளம், தமிழ் மூன்றிலும் பிரசங்கம் செய்வார்.

சமரம் தொடங்குவதற்கு முந்தின நாள் துரை பொறுக்கும் அறைக்கு வந்தார். மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு மாரித்தாயிடம் பேசினார்.

"நாளைக்கு நீ வீட்டில இரிக்கணும். கேட்டுக்கு வர வேண்டா."

"எல்லாரும் போறாக துரை."

"எல்லாருக்கும் வண்டி கொடுத்தோமா? உனக்குத்தானே கொடுத்தோம். அது யோசிச்சுப் பாரு."

"வண்டிய குடுத்தது அந்த லண்டனம்மா. என்னய ஒடச்சது நம்ம டிராக்டருங்க" என்றாள் மாரித்தாய். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. துரை கோபப்படவில்லை. சுவரோரம் நின்ற நாற்காலியையும், அதற்குப் போன வயரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

வீரபாண்டிக்கு இது தெரிந்ததும் அவன் அவளைத் தடுத்தான். "நான் போறேன்ல. வீட்டுக்கு ஒரு ஆளு போதும். நீ இரு."

"பெட்டி சரிஞ்சா என்ன ஆகும்னு என்னய விட யாரு காட்டுவா?"

"காட்டி?"

அவள் மறுநாள் காலையில் நாற்காலியை ஓட்டிக்கொண்டு ஃபேக்டரி கேட்டுக்குப் போனாள். சூசையப்பன் அவளைக் கண்டதும் ஓடி வந்தார். ஜாதா ஊர்வலத்தின் முன்னால் அவளை விட்டார். கையில் கொடி கொடுத்தார். ஒரு கையில் கொடி, ஒரு கையில் குச்சி. அவள் போகிற வேகத்தில்தான் பின்னால் கூட்டம் நடந்தது. "இதோ பாருங்கள், இந்த அம்மாவின் கால்களைக் கேட்கிறோம் கம்பெனியிடம்" என்று சூசையப்பன் பேசியபோது பெண்கள் விம்மினார்கள். தன் கால்களைப் பற்றி மைக்கில் பேசுவதைக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கொடியைக் கீழே வைக்கவில்லை.

இரண்டொரு நாளில் பேட்டரி இறங்கிவிட்டது. ஜாதா நடுவில் நாற்காலி முனகிக்கொண்டே நின்றது. மோட்டாரும் பேட்டரியுமாக அது கல்லுப் போல் கனம். நாலு ஆள் சேர்ந்து தள்ளினார்கள். பிறகு அலுத்துப்போய் ரோட்டோரம் விட்டுவிட்டு, வீரபாண்டி அவளைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தான். நாற்காலியைக் கம்பெனி ஆட்கள் ஃபேக்டரிக்கு எடுத்துப் போனார்கள்.

சமரம் ஒரு மாதம் ஆகுமுன்பே முடிந்துவிட்டது. போனஸ் கொஞ்சம் கூடியது. லாரி விஷயம் பிறகு பேசித் தீர்க்கப்படும் என்றார்கள். எல்லாரும் மாலை போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். மாரித்தாயை வீரபாண்டி முதுகில் சுமந்து பொறுக்கும் அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தான். நாற்காலி ஸ்டோர் ரூமில் சாக்குப் போட்டு மூடியிருந்தது. அவள் சுடலையைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, வயரு மாட்டலயா?"

சுடலை அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "மாட்டக் கூடாதுன்னுட்டாவ தங்கச்சி. கம்பெனி கரண்ட் கம்பெனி மிசினுக்கு மட்டும்தானாம். வண்டி ஒனக்குள்ளது, எப்பம்னாலும் எடுத்துட்டுப் போலாமாம். கரண்ட் தர மாட்டாவளாம்."

"கரண்ட் இல்லாம நான் அத என்ன செய்ய?"

"நான் என்னத்தச் சொல்ல? என் வேல போயிரும்லா."

அவள் சூசையப்பனைப் பார்க்க ஆளனுப்பினாள். அவரே லயத்துக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காப்பி குடித்து, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பாரும்மா, வண்டி இனாமா வந்தது. ஒப்பந்தத்துல அது வராது. சமரம் பண்ணுனவுங்க யாரையும் பழிவாங்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கோம். அவுங்க ஒன்னய வேலைய விட்டு நிறுத்தலயே. வேல இருக்கு. நீதான் வரணும்."

"எப்பிடி வருவேன்?"

"இப்ப வாரேல்ல, வீரபாண்டி கொண்டாந்து விடுறாரே."

"அவரு முதுகு என்னைக்கு வரைக்கும் தாங்கும்?"

"கொஞ்சம் பொறு. அடுத்த பேச்சுவார்த்தையில வாய்மொழியா ஒரு வார்த்த சொல்லிப் பாக்குறேன்" என்று எழுந்தார். வாசலில் நின்று, "நீ அன்னைக்கி முன்னால வந்தது பெரிய விஷயம்மா. யாரும் மறக்க மாட்டாக" என்றார்.

மருந்தடிக்கும் ஆட்களுக்கு மஸ்டர் மேல் டிவிஷனில். மாரித்தாயை ஃபேக்டரியில் விட்டுவிட்டு வீரபாண்டி மேலே ஓடி வருவதற்குள் பேர் கூப்பிட்டு முடிந்திருக்கும். அரை நாள் கூலி வெட்டுவார்கள். சில நாள் அவளை விட்டுவிட்டு வேலைக்குப் போனான். சில நாள் வேலையை விட்டுவிட்டு அவளைக் கொண்டுபோனான். மழையில் ஒருநாள் இருவரும் ரோட்டில் விழுந்தார்கள். அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் வேலைக்கு வராத நாட்கள் சேர்ந்துகொண்டே போயின. கடைசியில் அவளுடைய மணையை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த இன்னொருத்தி பிலோமி. உடைந்த மணிக்கட்டோடு கொழுந்தெடுக்கச் சிரமப்படுகிறவள். அவளே வந்து சொன்னாள்.

"அக்கா, நான் கேட்டு வாங்கல. ஒக்காந்த வேல வேணுமான்னு கேட்டாக. நான் இல்லன்னா வேற யாராச்சும் ஒக்காரத்தான போறாக."

"ஒக்காரு" என்றாள் மாரித்தாய்.

"ஒனக்குக் கோவமா?"

"கோவப்பட்டா எந்திரிச்சிருவியா?"

பிலோமி அழுதுகொண்டே போனாள். அதன் பிறகு அவள் மாரித்தாயின் வாசலைக் கடக்கும்போது வேகமாக நடந்தாள். வீரபாண்டியும் மாறிக்கொண்டு வந்தான். தூக்கும்போது பெருமூச்சு விட்டான். ஒருநாள் சோற்றில் உப்பில்லை என்று ஆரம்பித்த சண்டையில், மனதில் கிடந்ததைக் கொட்டிவிட்டான்.

"அன்னைக்கே சொன்னேன். வீட்ல கெடன்னு சொன்னேன். ஒன் வாயால போச்சு. இப்ப நான் சுமக்குறேன்."

மாரித்தாய் உப்பு டப்பாவை எட்டி எடுத்து அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

மறு வருஷம் தை மாதத்தில் லண்டன் அம்மாள் மறுபடி வருவதாகச் சேதி வந்தது. வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஆபீஸ் ஆள் லயத்துக்கு வந்து, மாரித்தாய் குளித்து நல்ல சேலை கட்டித் தயாராக இருக்க வேண்டும் என்றான். ஸ்டோர் ரூமிலிருந்து நாற்காலியை எடுத்துத் துடைத்தார்கள். சுடலை பேட்டரிக்கு ஆசிட் ஊற்றிக் கம்பெனி கரண்ட் ஏற்றினார். அன்று காலை அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தபோது, அவள் விரல் தானாகக் குச்சியைத் தேடியது. நாற்காலி உறுமியது. ஒரு நிமிஷம் அவளுக்கு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது போலிருந்தது.

அவளுக்கு ஒரு திட்டம் இருந்தது. வெள்ளைக்கார அம்மாளிடம் நேரே சொல்லிவிடுவது. அழத் தெரிந்த பெண். சொன்னால் கேட்பாள்.

ஆபீஸ் முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. லண்டன் அம்மாள் காரிலிருந்து இறங்கியதும் மாரித்தாயை நோக்கித்தான் வந்தார். நாற்காலிக்கு முன் குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கழுத்தில் ஒரு கேமரா தொங்கியது. பக்கத்தில் துரை நின்றார்.

மாரித்தாய் தயாராக வைத்திருந்ததைச் சொன்னாள். "அம்மா, வண்டிய நீங்க குடுத்தீக. நல்லா ஓடுச்சு. இப்ப மாசக்கணக்கா கரண்ட் குடுக்க மாட்டேங்குறாக. வண்டி ஸ்டோர்ல கெடக்கு. எனக்கு வேல போச்சு. இன்னைக்கு நீங்க வாரீகன்னு கரண்ட் ஏத்தியிருக்காக."

துரை அதைக் கேட்டுவிட்டு இங்கிலீஷில் பேசினார். அவள் பேசியதை விட நீளமாகப் பேசினார். லண்டன் அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "தேங்க் யூ" என்ற வார்த்தை மாரித்தாய்க்குத் தெரியும். அது துரையின் பேச்சில் இரண்டு மூன்று தடவை வந்தது.

"இல்ல, இல்ல" என்று அவள் தலையை ஆட்டினாள். கீழே குனிந்து பேட்டரியைத் தட்டிக் காட்டினாள். எதிர்மலைக் கம்பிகளைக் காட்டினாள். வெறுங்கையை விரித்தாள்.

துரை மறுபடி ஏதோ சொன்னார். பேட்டரி வேலை செய்யும் விதத்தை அவள் விளக்குவதாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மாளும் குனிந்து பேட்டரியைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

மாரித்தாய் கூட்டத்தில் தேடினாள். முன்வரிசையில் மாலையோடு சூசையப்பன் நின்றிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே" என்று கூப்பிட்டாள்.

சூசையப்பன் ஓரடி முன்னால் வந்தார். துரை அவரைப் பார்த்தார். அன்று பிற்பகல்தான் லாரி விஷயமாகக் கம்பெனிப் பெரியவர்களோடு யூனியனுக்குப் பேச்சுவார்த்தை. சூசையப்பன் அவள் காதருகே குனிந்தார்.

"இன்னைக்கி வேணாம்மா. காரியம் கெட்டுரும். நான் பெறகு பேசுறேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குச்சியைத் தள்ளினாள். நாற்காலி அவரைத் தாண்டி, பந்தலைத் தாண்டி ஃபேக்டரிப் பக்கம் திரும்பியது. வாயால் சொன்னதை மாற்றிச் சொல்லலாம், பொறுக்கும் அறையில் தன் மணையில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தால் யார் மாற்றிச் சொல்ல முடியும் என்று அவள் நினைத்தாள். பின்னால் லண்டன் அம்மாள் வந்தார். துரை வந்தார். கூட்டம் வந்தது.

அவள் உள்ளே போனதும் பொறுக்கும் பெண்கள் எழுந்து நின்றார்கள். அவளுடைய பழைய மணையிலிருந்து பிலோமியும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வெள்ளைக்காரி வருகிறாள் என்ற பயத்தில்தான் எழுந்தாள். மணை காலியாக இருந்தது. அதன் முன்னே தேயிலைக் குவியல்.

மாரித்தாய் மணையையும் பிலோமியையும் மாறி மாறிக் கை காட்டினாள். "இது என் எடம். இப்ப இவ ஒக்காருறா. நான் வர முடியல" என்றாள். லண்டன் அம்மாள் ஆவலோடு துரையைப் பார்த்தார். துரை சிரித்தபடி ஒரு வரி சொன்னார். அந்த அம்மாள் சந்தோஷத்தில் சின்னக் குழந்தை போல் கைதட்டினார். கேமராவைக் கையில் எடுத்தார்.

"வேலை செய்து காட்டு. அம்மாவுக்குப் படம் எடுக்கணும்" என்றார் துரை தமிழில்.

மாரித்தாய் அசையவில்லை. துரையே ஒரு தட்டில் தேயிலையை அள்ளி அவள் மடியில் வைத்தார். அறை முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. மடியில் இருந்த தேயிலையில் ஒரு காம்பு நீட்டிக்கொண்டு தெரிந்தது. பழகிய விரல்கள், அவள் நினைக்கும் முன்பே அதைப் பொறுக்கி எடுத்தன. கேமரா சொடுக்கியது.

அந்தப் படம் அடுத்த வருஷம் கம்பெனி காலண்டரில் வந்தது. ஆபீசிலும் டிஸ்பென்சரியிலும் ஃபேக்டரியிலும் மாட்டினார்கள். படத்தில் அவள் குனிந்திருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை, நாற்காலி நன்றாகத் தெரிந்தது. பார்த்தவர்கள் அவள் சிரிப்பதாகவே சொன்னார்கள். படம் எடுத்த அன்றைக்கே பிலோமி மணைக்குத் திரும்பினாள், நாற்காலி ஸ்டோருக்குத் திரும்பியது. சூசையப்பன் லாரி வாங்கிக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பெண்கள் அதன் பிறகு கொழுந்துப் பெட்டியில் ஏறவில்லை. மாரித்தாயின் பெயரை அவர் பிறகும் பல கூட்டங்களில் சொன்னார்.

"என்னயக் கொண்டுபோயி எங்கண்ணன் வீட்ல விட்டுருங்க" என்று அவள் கேட்டபோது வீரபாண்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. போடிமெட்டில் பஸ் ஏற்றினான்; கல்லுப் போல் கனத்த நாற்காலியை பஸ்ஸில் ஏற்ற வழியில்லை. வளைவு வளைவாக இறங்கும் பஸ்ஸில் அவள் சாய்ந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தான். போடியில் அண்ணன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, மாசா மாசம் வருவேன் என்று சொல்லிப் போனான். கொஞ்ச காலம் வந்தான். சித்திரைத் திருவிழாவுக்கு வந்தான். பிறகு வரவில்லை. லயத்து வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாள் என்று யாரோ சொல்லக் கேட்டாள்.

போடியில் ஏலக்காய்க் கடைகள் வரிசையாக உண்டு. மலையிலிருந்து வரும் காயைத் தரையில் கொட்டி, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பெரிய காய், சின்னக் காய், வெடித்த காய் என்று பிரிப்பார்கள். தரையில் உட்கார்ந்த வேலை. அண்ணன் ஒரு கடையில் சொல்லிச் சேர்த்துவிட்டான். வீட்டிலிருந்து கடை மூன்று வீதி தள்ளி. அண்ணன் சைக்கிள் கேரியரில் கொண்டுபோய் விடுவான். கடைக்குள் அவள் இரண்டு கையையும் ஊன்றித் தரையில் நகர்ந்துகொள்வாள். உள்ளங்கை மரத்துக் காய்த்துவிட்டது.

ஒரு சந்தை நாளில் சுடலை கடைக்குள் வந்தார். தலை நரைத்திருந்தது. அவளைத் தரையில் கண்டதும் தயங்கி, பிறகு அவரும் தரையிலேயே உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கியா தங்கச்சி?"

"இருக்கேண்ணே. வேல கெடைக்குது."

சுடலை மேலே பார்த்தார். கடையில் டியூப் லைட் எரிந்தது. வெளியே வீதி பாய் விரித்தது போல் சமமாகக் கிடந்தது.

"ஒங்கண்ணன் வீட்டுல கரண்ட் உண்டுமா?"

"இந்த ஊர்ல எல்லா வீட்லயும் இருக்கு."

"அதான் நானும் நெனச்சேன். துரைகிட்டயே போயி கேட்டேன், கேட்டியா. அந்த வண்டி இங்க சும்மாதான நிக்கி, போடியில அந்தப் பொம்பளக்கி ஒதவும், நானே லாரியில ஏத்தி எறக்கிக் குடுத்துட்டு வாரேன்னேன்."

மாரித்தாயின் கை காயில் நின்றது. "என்ன சொன்னாரு?"

"எஸ்டேட் தொழிலாளிக்குக் குடுத்த வண்டியாம் அது. நீ இப்பம் எஸ்டேட் ஆளு இல்லயாம்."

"ஸ்டோர்லதான் கெடக்கா?"

சுடலை சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தார். "ஆபீஸ் முன்ரூம்ல வச்சிருக்காவ. வாரவங்க பாக்கட்டும்னு. பேட்டரி கெட்டுரக் கூடாதுன்னு மாசத்துக்கு ஒருக்க நான்தான் கரண்ட் ஏத்துதேன்."

"ஏத்துறீகளா?" என்றாள் அவள்.

"சொல்லியிருக்காவ. ஏத்தாம என்ன செய்ய? ஞாயித்துக்கெழம சின்னதுரை பிள்ளைக ஓட்டி வெளையாடும்."

சுடலை அவளுக்கென்று வாங்கி வந்திருந்த அல்வாப் பொட்டலத்தைக் காய்க் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் அதைப் பிரிக்கவில்லை.

"ஒங்களுக்கு பஸ்ஸு போயிரும்ணே. கெளம்புங்க" என்றாள்.

அவர் போன பிறகு பக்கத்தில் இருந்த பெண், "யாரு, சொந்தக்காரரா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தாள் மாரித்தாய். கடைக்காரர் புதிதாக ஒரு மூட்டையைத் தூக்கி வந்து நடுவில் கொட்டினார். ஏலக்காய் உருண்டு வந்து அவள் முழங்காலில் மோதி நின்றது. அது அவளுக்குத் தெரியவில்லை. கையை ஊன்றி முன்னால் நகர்ந்து, தன் பங்குக் குவியலை வளைத்து இழுத்துக்கொண்டாள்.